மாலை நேரம் குற்றமா?

மின்சாரம், மூட்டை கட்டி அடுக்கிவைக்கும் நெல் அன்று. பிறந்த கணமே செலவாக வேண்டிய பொருள். சேமித்துவைக்க மின்கலங்கள் வந்துள்ளன எனினும், நாட்டின் தேவைக்கு முன்னே அவை இன்னும் சிறு குவளைதான். நண்பகலில் சூரியத் தகடுகள் வாரி வழங்குகின்றன. கதிரவன் சாய்ந்ததும் கைவிரிக்கின்றன. அந்த வேளையில்தான் ஊரெங்கும் விளக்குகள் விழிக்கின்றன. நிலக்கரியும் நீர்த்தேக்கமும் சுமையைத் தாங்க வேண்டியதாகிறது. ஆகவே, பகல் மின்சாரம் மலிவு, மாலை மின்சாரம் விலை மிகுந்தது என்பது எவரும் புனைந்த கதையன்று. பகுத்தறிவைத் துணையாகக் கொண்ட நாம் அதை மறுக்கவில்லை. மீட்டரை உடைக்கச் சொல்லவுமில்லை.

இந்த உண்மையை விலையில் காட்டவே, இந்திய அரசு 2023 ஜூன் திங்களில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய இடங்களில், சூரிய ஒளி மிகுந்த எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் 20 விழுக்காடேனும் குறைய வேண்டும். தேவை உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் வீடுகளுக்கு 10 விழுக்காடேனும் கூட வேண்டும். உழவர் நீங்கலாக எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் இது வர வேண்டும் என்று நாளும் குறித்தது. எந்த மணி மலிவு, எந்த மணி உச்சம் என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் வகுக்க வேண்டும்.

“மலிவான நேரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், பணம் மிச்சம்!” என்கிறார்கள். நல்ல யோசனை! யார் மாறுவது? எதை மாற்றுவது?

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நகரத்தில் நாலு வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண். காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறாள். பகல் பன்னிரண்டு மணிக்கு மாடிவீட்டுச் சலவை இயந்திரத்தில் துணியைப் போட்டு விசையை அழுத்துகிறாள். மலிவு நேரம்! சலுகை யாருக்கு? இயந்திரத்தின் உடைமையாளருக்கு. விசையை அழுத்திய விரல் அவளுடையது. விலைக் குறைப்பு வேறொருவருடையது. மாலையில் ஒற்றை அறைக்குத் திரும்புகிறாள். விளக்கைப் போடுகிறாள், பிள்ளை படிக்க வேண்டும். விசிறியைச் சுழலவிடுகிறாள், தகரக் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை இறக்கிக்கொண்டிருக்கிறது. உச்ச நேரம்! கட்டணம் கூடுதல்! இருட்டுக்குப் போடும் விளக்கை நண்பகலுக்கு மாற்றிவைக்க முடியுமா? புழுக்கத்தை நாளைப் பகல்வரை பொறுத்திரு என்று பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

“பத்து விழுக்காடுதானே, சில ரூபாய்தானே!” என்பார்கள். ஆம், இன்று சில ரூபாய்தான். விதி சொல்வது கீழ்வரம்பு என்பதையும் மறந்துவிட வேண்டாம். நாம் கேட்பது தொகையைப் பற்றி மட்டுமல்ல, நியாயத்தைப் பற்றி. மாறக்கூடியவன் மாறாதிருந்தால் கூடுதல் கேட்பது முறை. மாறவே இயலாதவளிடம் அதே கூடுதலைக் கேட்டால் அதற்கு என்ன பெயர்? அன்று, “உன் தலைவிதி” என்றார்கள். இன்று, “உன் தேர்வு” என்கிறார்கள். தலைவிதி என்றபோதாவது அவள்மீது பழி இந்தப் பிறவியில் விழவில்லை!

பழைய மீட்டர் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு? குறைவாக எரிப்பவருக்குக் குறைந்த விலை, மிகுதியாக எரிப்பவருக்கு மிகுந்த விலை என்ற படிக்கட்டு அந்தக் கேள்வியில் பிறந்தது. தமிழ்நாட்டில் 2016-இல், இரு திங்களுக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்கு இலவசம் என்றானதும் அந்தக் கேள்வியின் வழியேதான். எவ்வளவு என்று கேட்டால் வீட்டின் வசதி ஓரளவு தெரியும். எப்போது என்று மட்டும் கேட்டால் குளிரூட்டிய கூடமும் கொசு மொய்க்கும் குடிசையும் ஒன்றாகிவிடும்.

வசதியுள்ளவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. 2024-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டத்தில் கூரைச் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். நல்ல திட்டந்தான். கூரையே வாடகை என்றிருப்பவர் தகட்டை எங்கே மாட்டுவது?

அப்படியானால் நேரக் கட்டணமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஆலைக்கு வரட்டும், வணிக மாளிகைக்கு வரட்டும், மின்சார மகிழுந்தை இரவில் ஏற்றுவதா பகலில் ஏற்றுவதா என்று யோசிக்க இயன்ற இல்லத்துக்கும் வரட்டும். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்கே நேரக் கட்டணம் என்று எல்லை வகுத்தார்கள். உழவரின் நிலையறிந்து விலக்களித்த விதி, பணிப்பெண்ணின் நிலையறிந்தும் விலக்களிக்கலாமே! அடிப்படைத் தேவைக்கான யூனிட்டுகளுக்குப் பகல் சலுகை இருக்கட்டும். மாலைக் கூடுதல் வேண்டாம். இதைக் கணக்கிடத்தான் அந்தப் புத்திசாலி மீட்டர் இருக்கிறதே!

கட்டணத்தை மாற்றுமுன் ஆணையங்கள் மக்கள் கருத்தைக் கேட்கின்றன. ஆலை முதலாளிகளின் சங்கங்கள் வழக்கறிஞரோடும் கணக்கேட்டோடும் வந்து அமர்கின்றன. கூட்டம் நடப்பது பகலில். பணிப்பெண் அப்போது மாடிவீட்டில் இருக்கிறாள். ஓய்வும் எழுத்தும் வாய்த்த இளைஞர்கள் அவள் தெருவுக்கு மாலையில் செல்லட்டும். எந்த மணிக்கு எந்த விளக்கு எரிகிறது, ஏன் எரிகிறது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்து, அந்தத் தாளை ஆணையத்தின் மேசையில் வைக்கட்டும்.