நிலத்தடி நீரும் நீதியும்

பொன்னும் நீரும் ஒரே மண்ணின் அடியில் உறைபவை. ஆயினும், சட்டம் அவ்விரண்டையும் ஒரே கண்ணால் நோக்கியதில்லை. 1880-இல் நம் தங்கவயலில் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய ஜான் டெய்லர் நிறுவனத்தார், மைசூர் அரசுக்கு உரிமைத்தொகை செலுத்தியே பொன்னை எடுத்தனர். 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின, 2001-இல் மூடப்பட்டன. இந்நெடுங்காலத்தில், தன் நிலத்தடியில் பொன் உண்டென்பதற்காக எந்த உழவனும் அதைத் தனதென்று அள்ளிக்கொள்ள இயலவில்லை. நீருக்கோ இத்தகைய காவல் இல்லை.

வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்வது நில உடைமையாளரின் உரிமை என்று 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் கூறுகிறது. இக்கருத்தின் வேர் இங்கிலாந்தில் 1843-இல் வழங்கப்பெற்ற ஒரு தீர்ப்பில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் பக்கத்து நூற்பாலையின் கிணறு வற்றிற்று. பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். நீர் மண்ணுக்குள் எவ்வழி செல்கிறது என்பது அந்நாளில் எவரும் அறியாத மறைபொருள். இன்று அது மறைபொருளன்று. ஓரிடத்தில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கினால் அண்டை நிலத்துப் பழங்கிணறு வற்றக்கூடும் என்பதைக் கோலார் மாவட்டத்துச் சிற்றூர் மக்களும் அறிவர். வேலி தாண்டாமலே அயலான் பொருளைக் கவர வழி இருக்கிறது. சட்டம் அதைக் களவு என்னாதிருக்கலாம். அறம் என்ன சொல்லும்?

இக்குறையை நீக்கவே அனுமதிச் சட்டங்கள் எழுந்தன. உச்ச நீதிமன்ற ஆணையின் பயனாக மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 1997-இல் அமைந்தது. கர்நாடக அரசும் 2011-இல் தனிச் சட்டம் இயற்றிற்று. ஆனால், 2018 டிசம்பரில் மத்திய ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு, நீர் எடுப்போர் கட்டணம் செலுத்தும் முறையைப் புகுத்த முற்பட்டது. குடிமக்கள் சிலர் இதனை எதிர்த்து வழக்காடினர். நீர் உறிஞ்சுவதை இவ்விதிகள் எளிதாக்கிவிடும் என்று கருதிய தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2019 ஜனவரியில் அவற்றை நடைமுறைப்படுத்தக் கூடாதெனப் பணித்தது. அவ்வெதிர்ப்பின் உட்பொருள் ஒன்றே: அனுமதி என்பது விலைச்சீட்டு ஆகலாகாது.

பாலக்காட்டை அடுத்த பிளாச்சிமடையில் 2002-இல் மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் குளிர்பான ஆலையின் வாயிலில் அமர்ந்து கேட்டதும் இதனையே. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003-இல் தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க இசைந்தது. நீதிமன்றமே இரு வேறு விடை கூறிய வினா இது.

எனினும் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுரங்கம் மூடியபின் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்வோர் நம்மூரில் எத்துணைப் பேர்! நாளை ஓர் ஆலை வந்து, ‘வேலை தருகிறேன், நீரைத் தாருங்கள்’ என்றால், பசித்தவன் மறுப்பானா? அவனைக் குறை கூற நமக்கு வாயில்லை. ஆனால் அவன் கொடுக்க ஒப்பும் நீர் அவனுடையது மட்டுமன்று. அடுத்த தெருவினதும் ஆகும். இன்னும் பிறவாத குழந்தையினதும் ஆகும். கட்டணம் அரசின் கருவூலத்தைச் சேரும். தாகமோ கிணறு வற்றியவனைச் சேரும். ஒருவன் இழப்பிற்கு மற்றொருவன் விலை பெறுவது எவ்வகை நீதி?

அறங்காவலன் கோயில் சொத்தைக் காக்கலாம், விற்கலாகாது. அரசின் நிலையும் அதுவே. ஆதலின், அனுமதி தருமுன் அந்நீரை நம்பி வாழும் ஊராரின் இசைவைக் கேட்பதே முறை. எதிர்ப்போரும் ஆலை வாயிலோடு நின்றுவிடலாகாது. தம் கொல்லையிலுள்ள ஆழ்துளைக் கிணற்றையும் அதே கோலால் அளத்தல் வேண்டும். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். வானம் எல்லார்க்கும் பொதுவாகப் பொழிந்த நீர், மண்ணுள் இறங்கியதும் ஒருவனுக்கே உரியதாகுமோ?