யாருடைய புவனம்?

செய்த வினை செய்தவனைத் தேடி வரும் என்று நம்பாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. வரும் சரி, அதற்கு வழி காட்டுவது யார் என்று கேட்டவர் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார். அவருடைய தந்தை அச்சுதகளப்பாளர் எங்கள் பெண்ணாடத்துக்காரர். வினை சடம், அதற்கு அறிவு கிடையாது, செய்தவன் யாரென்று அதற்குத் தெரியாது. எனவே அறிந்து கொண்டுபோய்ச் சேர்ப்பவன் ஒருவன் வேண்டும், அவனே இறைவன். 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களுக்குள் அவர் நிறுத்திய வாதங்களில் இது ஒன்று. ஊரில் நடக்கும் சித்தாந்த வகுப்புக்குப் போகிற எனக்கு இந்த இடத்தில் சந்தேகமே வந்ததில்லை. புகைதான் அதைக் கிளப்பியது.

2015 செப்டம்பரில், சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்த அக்கா மகன் போனில் இருமிக்கொண்டே பேசினான். “புகை தாங்கல மாமா. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டுட்டாங்க. எங்களுக்கு மாஸ்க் குடுத்திருக்காங்க.” எரிந்தது கடலுக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் சுமத்திராவிலும் கலிமந்தானிலும். அந்த ஆண்டு மட்டும் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் பெரும்பகுதிப் புகை மரம் எரிந்து வந்ததல்ல, மண்ணே எரிந்து வந்தது.

அந்த மண்ணுக்குப் பீட் என்று பெயர். சதுப்புக் காட்டில் விழும் இலையும் கிளையும் நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கின்றன. அதனால் முழுதாக மக்குவதில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் போலச் சேர்ந்து, பல்லாயிரம் ஆண்டில் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்துவிடுகிறது. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அதற்குள் இருக்கிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் போதும்: காய்கிறது, மக்குகிறது, கரியமில வாயுவாகி மேலே போகிறது. தீப்பிடித்தால் நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனன்று, மழை இறங்கினால்தான் அடங்கும். 1990களின் நடுவில் சுகார்த்தோ அரசு கலிமந்தானின் பீட் நிலத்தில் 10 லட்சம் ஹெக்டேர் நெல் விளைவிப்போம் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டியது. நெல் விளையவில்லை. 1997இல் தீ விளைந்தது. 1999இல் திட்டத்தைக் கைவிட்டார்கள், வாய்க்கால்கள் இருந்தன.

இதெல்லாம் எனக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணும் எங்கள் தொழிலுக்கு வரும். அதைக் கூழாகக் கரைத்து, சல்லடையில் வடித்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். எவ்வளவு வடித்தாலும் கடுகளவு கரித்துணுக்கு ஒன்றிரண்டு தப்பிவிடும். சூளையில் அது எரிந்துபோனால் பொம்மையின் கன்னத்தில் ஊசித்துளை விழும். அந்தத் துணுக்கு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற சதுப்புக் காட்டின் மிச்சம். அன்றைய பீட்தான் அழுந்தி அழுந்தி இன்றைய பழுப்பு நிலக்கரி. காலம் பொத்தி வைத்ததை என் சூளை ஒரே இரவில் ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகிறது.

இப்போது என் கேள்வி. கலிமந்தானில் வாய்க்கால் வெட்டியவன் ஒருவன், சிங்கப்பூரில் இருமியவன் வேறொருவன். மேலே போன கரியமில வாயுவால் பூமி சூடாகி, இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளை கடலூர்க் கரையில் புயலில் வீடிழந்தால், அது யார் செய்த வினை? செய்தவன் என்று யாரைப் பிடிப்பது? காட்டைக் கொளுத்திய கூலிக்காரரையா, கொளுத்தச் சொன்ன முதலாளியையா, கடன் கொடுத்த வங்கியையா? பீட் நிலத்தில் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள் நிறைய. உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா. எங்கள் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில்தான் வீட்டில் வடை சுடுகிறோம். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நானும்தான்.

வகுப்பில் இதை எடுத்தபோது மூத்தவர் ஒருவர் சிரித்தார். “அழிக்கிறது ஆண்டவன் தொழில்ங்க. ஊழி வரணும்னா வந்தே தீரும். நடுவுல நாம யாரு? பாதிக்கப்படுறவன் தன் பழைய வினையை, பிராரத்தத்தை அனுபவிக்கிறான், அவ்வளவுதான்.”

பெண்ணாடத்தில் இதைச் சொல்வது விசேஷம். எங்கள் கோயில் மூலவர் பெயரே பிரளயகாலேசுவரர். ஊழி வெள்ளத்தைத் தடுக்கத்தான் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பியது என்பது தலபுராணம். ஊழியைத் தடுத்த நந்தியைக் கும்பிட்டுவிட்டு, ஊழி வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. அதைவிட முக்கியம், சித்தாந்தத்தில் சங்காரம் என்பது பிறந்து பிறந்து இளைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் ஓய்வு. அது அருள். லாபத்துக்காக ஒருவன் காட்டைக் கொளுத்துவதற்கு அந்தப் பெயரை வைக்கலாகாது.

அவருடைய இரண்டாவது வாதத்துக்கும் சித்தாந்தத்திலேயே விடை இருக்கிறது. உலகம் வெறும் தோற்றம் என்று சைவம் சொல்வதில்லை. மாயை உள்பொருள். அதிலிருந்து உடம்பு, கருவி, உலகம், நுகர்வு என்ற தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்களுக்குக் கொடுப்பது, அவை வினையைத் தின்று தீர்த்து, பக்குவப்பட்டுக் கரையேறுவதற்காக. உடம்பு ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனி. புவனமோ எல்லாருக்கும் பொது. அதைக் கெடுப்பவன், மற்ற உயிர்கள் கரையேறக் கிடைத்த கருவியில் கை வைக்கிறான். பாதிக்கப்பட்டவனின் பிராரத்தம் எதுவாகவும் இருக்கட்டும், அதை அளக்கிறவன் இறைவன். என் கை செய்தது என் கணக்கில் ஆகாமியமாக, அதாவது புது வினையாக, ஏறுகிறது. அவனுடைய பிராரத்தத்தைக் காட்டி என் ஆகாமியத்தைக் கழிக்க எந்தச் சாத்திரத்திலும் இடமில்லை.

அப்படியானால் பீட் காடுகளைக் காக்க நாடுகள் கூடுவதை எப்படிப் பார்ப்பது? 2010இல் நார்வே இந்தோனேசியாவுக்கு 100 கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம் செய்தது; காடழிப்பு குறைந்தால் பணம். பணம் வரவில்லை என்று 2021இல் இந்தோனேசியா விலகியது. 2022இல் புதிதாக இன்னோர் ஒப்பந்தம் போட்டார்கள். இதே நார்வே வடகடலில் எண்ணெய் எடுத்து விற்கும் நாடு. ஆப்பிரிக்காவில் இரண்டு காங்கோ நாடுகளுக்கும் பொதுவான பீட் நிலத்தில் சுமார் 3,000 கோடி டன் கரிமம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த இரு நாடுகளும் இந்தோனேசியாவும் பிரசாவில் நகரில் கூடி, அதைக் காப்போம் என்று அறிக்கை வெளியிட்டன. காவல் காக்கச் சொல்வது ஏழை நாட்டை. இதுவரை எரித்து வசதி பெற்றவை பெரும்பாலும் பணக்கார நாடுகள்.

இந்தப் பணத்தைப் பரிகாரம் என்று நினைத்தால் கெட்டது. எண்ணெய் எடுப்பவன் எடுத்துக்கொண்டே இருக்க, அவன் பெயரில் காங்கோக்காரர் சேற்றை நனைத்து வைத்திருப்பது, பாவத்தை நிறுத்தாமல் நெய்விளக்கு ஏற்றுவது போல. தானம் என்று நினைத்தாலும் தப்பு; தானம் கொடுத்தவன் நினைத்தபோது நிறுத்தலாம். பொதுப் புவனத்தை அதிகம் தின்றவன் திருப்பித் தரவேண்டிய கடன் இது. கடன் என்றால் தவணை உண்டு, தவறினால் கேள்வி உண்டு, கொடுத்துக்கொண்டே மறுபடி வாங்கக் கூடாது என்ற நியாயமும் உண்டு. வாங்கித் தின்கிற இந்தியாவுக்கும் அதில் பங்கு இருக்கிறது. காட்டை அழிக்காத தோட்டத்து எண்ணெய்தான் வேண்டும் என்று இறக்குமதியிலேயே கேட்கலாம். விலை கொஞ்சம் ஏறும்; அதை ரேஷன் அட்டைதாரர் தலையில் கட்டாமல் அரசு ஏற்கலாம்.

நாடுகள் கூடினால் நடக்காது என்பவர்கள் நெய்வேலியைப் பார்க்கட்டும். சோவியத் உதவியில் எழுந்த அனல்மின் நிலையம் 1962இல் ஓடத் தொடங்கியது. சுரங்கத்தை வெட்டும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. பூமிக்குள் இருந்ததை வெளியே எடுக்க மூன்று தேசம் கை கோத்தது. இருப்பதை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கக் கை கோப்பது அதைவிடக் கடினமான வேலையல்ல. அதில் லாபம் யாருக்கு என்று எழுதிக் காட்ட முடியாததால்தான் கடினமாகத் தெரிகிறது. லாபம் தனக்கு வராத நன்மையைச் செய்ய மனுசனைப் பழக்குவதற்குத்தான் சமயம் இருக்கிறது. அதைக்கூடச் செய்யாத சைவம் எனக்கு எதற்கு?