இரண்டாவது குக்கர்

எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் இரண்டு குக்கர் ஏறின. பெரியதில் எங்களுக்குச் சோறு. சின்னதில் அப்பாவுக்கு வரகோ கோதுமை ரவையோ. சின்னக் குக்கர் விசில் அடித்ததும் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து உட்காருவார். எங்களுக்கு முன்பே சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். ஊர்க்கதை பேசிக்கொண்டு ஒரு மணி நேரம் சாப்பிட்ட மனிதர் அவர். சர்க்கரை அவர் ரத்தத்தில் இருந்தது. பந்தியிலிருந்து அவரை எழுப்பியது நான்.

•

விடிகாலை. விரல் நுனியில் ஒரு சொட்டு.

“எவ்வளவும்மா?”

“நூத்தி நாப்பத்திரெண்டுப்பா.”

முந்தின இரவு இரண்டே இட்லி. சட்னியில் தேங்காய் கூடிவிட்டதா, இட்லி பெரிதாகிவிட்டதா என்று மனம் இரவுச் சமையலைத் துழாவும். உடல் விழிக்க ஆயத்தமாகும் அந்த நேரத்தில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் விடும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். நான் அணைத்துவிட்டுப் படுத்த பின்னும் அப்பாவுக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. இப்போது காலை எண்ணைக் குறித்துவைப்பதோடு சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஏ1சி ரத்தப் பரிசோதனை முடிவைத்தான் கூர்ந்து பார்க்கிறேன். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாள் சமையலின் சுவடும் அதில் படிந்திருக்கும்.

•

உடன்குடியிலிருந்து அத்தை ஓலைக் கொட்டானில் கருப்பட்டி அனுப்பியிருந்தாள். “இது ஒண்ணும் செய்யாது, அண்ணனுக்குக் காபி போட்டுக் குடு.” அவ்வளவு பிரியம் அந்தக் கொட்டானில். ஆனால் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கறுப்பாக இருப்பதாலும் நம்முடையது என்பதாலும் அது ரத்தத்தில் ஏறாமல் இருப்பதில்லை. கேழ்வரகும் அப்படித்தான்: மாவை மெல்லிசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் விறுவிறுவென்று ஏற்றிவிடும். நல்ல தானியம் என்ற பெயருக்காக ஒரு சொம்பு குடிக்க முடியாது. அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கருப்பட்டி வந்து சேர்ந்தது என்று மட்டும் சொன்னேன்.

•

ஒரு நாள் தராசு வாங்கி வந்தேன். ஐம்பது கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 150 கிராம் சோறு. மாவுச்சத்து 40 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே எடை வரகிலும் கோதுமை ரவையிலும் மாவுச்சத்து பெரிதாகக் குறைந்துவிடவில்லை. நார்ச்சத்தில் வேறுபாடு உண்டு. ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்படலாம். ஆனால் நான் அப்பாவுக்கு வரகு வைத்தபோது, ‘வரகுதானே’ என்று மூன்று கரண்டி வைத்திருக்கிறேன். தானியத்தை மாற்றினேன், அளவைப் பார்க்கவே இல்லை.

தராசைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அந்த இரண்டாவது குக்கர் எதற்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. படித்தபோது எண்ணைவிட அடுப்படிகள்தான் கண்ணில் வந்தன. எத்தனை வீடுகளில் ஒருவருக்கு மட்டும் தனிக் குண்டான் ஏறுகிறதோ.

•

சின்னக் குக்கரைப் பரணில் போட்டேன். இப்போது ஒரே உலை. தட்டுதான் மாறியது, எல்லோருக்கும். ‘தொட்டுக்க’ என்று பெயர் வைத்து ஓரத்தில் ஒதுக்கிய காய் இப்போது பாதித் தட்டு: அவரைக்காய், புடலை, வாழைப்பூ. முதலில் அதையும் பருப்பையும் சாப்பிடுகிறோம், பிறகுதான் சோறு. நாரும் புரதமும் முன்னே போனால் மாவுச்சத்து நிதானமாக ஏறும். முதல் வாரம் என் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அடையில்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அம்மாவின் கணக்கு இரண்டு பங்கு புழுங்கலரிசி, ஒரு பங்கு பருப்பு. நான் திருப்பிவிட்டேன்: அரிசி ஒன்று, கடலை, துவரை, உளுந்து எல்லாம் சேர்ந்து இரண்டு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, கரகரவென்று அரைத்த மிளகாய், பெருங்காயம். ஓரம் முறுகச் சுட்டு வைத்தேன்.

அப்பா ஒரு வாய் எடுத்துவிட்டு நிமிர்ந்தார். “உங்க அம்மா அடை இதைவிட மெத்துனு இருக்கும்.” பிறகு அம்மா முதன்முதலில் அடை சுட்ட கதையைத் தொடங்கினார். கை காய்ந்துபோகும் வரை பேசினார். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

•

போன மாதம் ஒரு மதியம் வங்கியில் எனக்கு நேரமாகிவிட்டது. அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். சேர்ந்து சாப்பிடலாம் என்று. வந்து பார்த்தபோது சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது. மீட்டரில் 61.

சீனி டப்பா மேல் தட்டில், பின்னால், நானே ஒளித்துவைத்த இடத்தில். முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 88. அதன் பிறகு இருவரும் சாப்பிட்டோம், அவர் தட்டில் வழக்கமான இரண்டு கரண்டிச் சோறு.

டப்பா இப்போது கீழ்த் தட்டில், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. மூடியை இறுக்கித் திருகுவதில்லை.