யார் வீட்டுப் பிள்ளை?

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொத்து வரி கட்டியதும் அந்த ரசீதோடு நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவார். தொகையைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. அதில் கல்வி வரி என்று ஒரு பங்கு சேர்ந்திருக்கிறதே, அதுதான் அவரை உறுத்துகிறது. "தெரு விளக்கு எனக்கும் எரிகிறது. சாக்கடை எனக்கும் ஓடுகிறது. பள்ளிக்கூடம் யாருக்கு ஸார்? எனக்கா பிள்ளை இருக்கிறது?" என்பார்.

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. மனிதர் கஞ்சரும் அல்ல. ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர். தானாகக் கொடுத்தால் தர்மம். பிடுங்கிக் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன என்பதே அவருடைய வாதம். போன தடவை அவர் வந்தபோது, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். அந்த ஊர் இதே கேள்வியை இரண்டு தடவை சந்தித்திருக்கிறது.

அந்த நாட்டில் பள்ளிக்கூடச் செலவில் ஒரு பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருவது. சான் அன்டோனியோ பகுதியில் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி வட்டாரம்; மெக்ஸிக வம்சத்து ஏழை ஜனங்கள் நிறைந்தது. சில மைல் தள்ளி அலமோ ஹைட்ஸ், செல்வர்களின் வட்டாரம். 1967-68-ல் எட்ஜ்வுட்காரர்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? அந்த வரியிலிருந்து எட்ஜ்வுட் பிள்ளை ஒன்றுக்கு 26 டாலர். குறைவாகக் கட்டிய ஊரின் பிள்ளைக்கு 333 டாலர்! குடிசைக்கு எவ்வளவு வரி போட்டாலும் மாளிகையின் வரிக்கு ஈடாகுமா? மாகாண சர்க்காரும் மத்திய சர்க்காரும் தந்ததைச் சேர்த்துக்கொண்ட பிறகும் 356-க்கு எதிரே 594.

டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்று ஒரு தகடு வேலைத் தொழிலாளி. அவருடைய பிள்ளைகள் எட்ஜ்வுட்டில் படித்தார்கள். கட்டடம் பழுது, தக்க சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள் பலர். 1968-ல் அவரும் வேறு சில பெற்றோரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1973-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறு பக்கமுமாக, ரோட்ரிகஸ் தோற்றார். கல்வி என்பது அரசியல் சட்டம் வெளிப்படையாகக் காப்பாற்றும் உரிமைகளில் ஒன்றல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. 1989-ல் டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட்டே அந்த நிதி முறை செல்லாது என்று சொன்னது வேறு விஷயம். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

நண்பர் குறுக்கிட்டார். "அந்தப் பணக்கார ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் செலவழித்தார்கள். அதில் என்ன அதர்மம்?"

அதர்மம் என்று நானும் சொல்லவில்லை. தன் பிள்ளைக்குச் செய்கிறவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தாராளம் எல்லாம் எல்லைக் கல் வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. உங்களுடைய நோட்டுப் புத்தகமும் நம் தெருமுனையோடு நின்றுவிடுகிறது அல்லவா என்று கேட்டேன். அடுத்த தெருப் பிள்ளைகளை அவருக்குத் தெரியாது. முகம் தெரியாத பிள்ளைக்குக் கையை நீட்ட மனிதனுக்கு இயல்பாக வருவதில்லை. அந்த வேலைக்குத்தான் வரி வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சந்தர்ப்பம் 2012-ல் வந்தது. மேயர் ஹூலியன் காஸ்ட்ரோ ஒரு யோசனையை ஜனங்களின் வோட்டுக்கு விட்டார். விற்பனை வரியில் கால் சென்ட்டுக்கும் பாதி; அதாவது எட்டு டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு சென்ட். அந்தப் பணத்தில் நாலு வயதுக் குழந்தைகளுக்கு முழு நாள் பள்ளி. ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள், பெரிய வித்தியாசத்தில் அல்ல. விற்பனை வரி ஏழையின் சட்டைப் பையிலும் கை விடுகிறது என்பது உண்மை. சமையல் சாமான்களுக்கு அங்கே அந்த வரி இல்லை என்பது ஓர் ஆறுதல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அலமோ ஹைட்ஸ் தனி நகராட்சி. ஆனால் அங்கே குடியிருப்பவர் சான் அன்டோனியோக் கடையில் ஒரு சட்டை வாங்கினாலும், எட்ஜ்வுட் குழந்தையின் கணக்கில் ஏதோ ஒரு துளி விழுகிறது!

நாலு வயதில் அப்படி என்ன பாடம் என்று கேட்கலாம். புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது, காகிதத்தில் இருக்கும் கறுப்புக் கோடுகள் பேசும் என்று கண்டுபிடிப்பது, ஒரே ஒலியில் தொடங்கும் இரண்டு சொற்களைக் காதால் பிடிப்பது, தன் பெயரின் முதல் எழுத்தைச் சுவரில் பார்த்து 'இது நான்' என்று சொல்வது. வசதியான வீட்டில் இவற்றை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. மடியில் வைத்துக் கதை வாசிக்கிற பாட்டியிடமிருந்து தானாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிற தாயிடம் அன்புக்குக் குறைவில்லை. அந்த அரை மணி நேரம்தான் இல்லை. அவளால் வாங்க முடியாத அந்த அரை மணியை ஊர் வாங்கித் தருகிறது.

இதை லாபக் கணக்காகவும் சொல்கிறார்கள். 1962-ல் மிச்சிகன் மாகாணத்தில் இப்ஸிலான்டி என்ற ஊரில் 123 ஏழை நீக்ரோக் குழந்தைகளைப் பிரித்து, 58 பேருக்கு இத்தகைய பள்ளி வைத்தார்கள். 65 பேருக்கு இல்லை. அறிவுச் சோதனையில் முதலில் தெரிந்த ஏற்றம் சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, பள்ளிக்குப் போனவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகவே கைதானார்கள். போட்ட டாலர் பல மடங்காகத் திரும்பியது என்று பொருளாதார நிபுணர்கள் எழுதினார்கள். எனக்கோ அந்த 65 பேரின் நினைவு போகவில்லை. அவர்கள் பின்தங்கியதால் அல்லவா மற்றவர்களின் லாபம் நிரூபணமாயிற்று? லாபத்துக்காகக் கதவைத் திறப்பவன், கணக்கு நஷ்டம் காட்டும் வருஷத்தில் அதை மூடவும் கூசமாட்டான். சான் அன்டோனியோவில் அந்த வரிக்கு ஆயுள் எட்டு ஆண்டுதான். 2020-ல், கொள்ளை நோய்க் காலத்தில், மறுபடி வோட்டுக்கு வந்தது. நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் 'இருக்கட்டும்' என்றார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்திருக்கும்?

ரோட்ரிகஸ் 2013 ஏப்ரலில் காலமானார். அந்தப் பள்ளிகள் அதே வருஷம் ஆகஸ்டில் திறந்தன.

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. புறப்படும்போது ரசீதை மடித்துக்கொண்டே, "அந்தத் தகடு வேலைக்காரர் ஊரில் நூறு டாலருக்கு எவ்வளவு என்றீர்கள்?" என்று கேட்டார்.

"ஒரு டாலர் ஐந்து சென்ட்" என்றேன்.

"பக்கத்து ஊரில்?"

"எண்பத்தைந்து சென்ட்."

"அநியாயம் ஸார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.