போவதா, இருப்பதா?

மனிதன் தன் வாழ்நாளில் எடுக்கும் முடிவுகளுள் பெரும்பாலானவை ஆறப்போட்டு எடுக்கத்தக்கவை. பெண்ணுக்கு வரன் தேடுவதாயினும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பதாயினும், நாலு பேரைக் கேட்டு, நலந்தீங்கு ஆராய்ந்து, நாள் பார்த்து முடிக்கலாம். ஆனால் சில முடிவுகள் அவ்விதம் காத்திரா. உண்மை முழுதும் விளங்கட்டும் என்று பொறுத்திருந்தால், விளங்குகிற வேளையில் முடிவெடுக்க ஆளே இல்லாமற் போகும். சூறாவளி வருகிறது, ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்ற எச்சரிக்கையைக் கேட்டவன் எடுக்கவேண்டிய முடிவு அத்தகையது. போவதா, இருப்பதா?

இக்கேள்வியைத் தைரியத்தைப் பற்றியதாகவும், விதியைப் பற்றியதாகவும் நம்மவர் பேசக் கேட்டிருக்கிறேன். நெஞ்சுரமுள்ளவன் இருப்பான், கோழை ஓடுவான் என்பர் ஒருசாரார். எழுதியிருந்தால் எங்கே போனாலும் சாவுதான் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. இக்கேள்வி அடிப்படையில் நீதியைப் பற்றியது என்பதே என் கருத்து. அதனைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன்.

நாம் குடியிருக்கும் இத்தீபகற்பமும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ளவை. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிடும் வலிமை இங்கே மிகச் சொற்பம்; ஆதலால் பெரும் புயல்கள் இப்பக்கம் உருவாவது அபூர்வம். 2001ஆம் வருஷம் டிசம்பர் 27ஆம் தேதி ‘வாமெய்’ என்னும் புயல் ஜோகூர்க் கரையில் ஏறியது ஒரு பெரிய விதிவிலக்கு. வெள்ளம் நமக்குப் பழக்கம், சூறாவளி பழக்கமன்று. எனவே இக்கேள்வியை ஆண்டுதோறும் எதிர்நோக்கும் மக்களிடத்தே நாம் பாடம் கேட்க வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையில், மெக்சிக்கோ வளைகுடாவை ஒட்டி வாழ்வோர் அத்தகையோர். ஜூன் முதல் நவம்பர் முடிய அவர்களுக்கு ஹரிக்கேன் காலம். மணிக்கு 119 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் சுழன்றடிக்கும் புயலுக்கே அங்கு அப்பெயர். ஆயினும் காற்றைவிடக் கொடியது தண்ணீர். காற்று நெருக்கித் தள்ள, கடல் மேலெழுந்து ஊருக்குள் புகுகிறது. 1900ஆம் வருஷம் செப்டம்பர் 8ஆம் தேதி டெக்சாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் நகரில் அவ்விதம் புகுந்த கடல் குறைந்தது 6,000 உயிர்களைக் கொண்டு போயிற்று.

இன்று அந்நாட்டார்க்கு வானிற் சுற்றும் துணைக்கோள்கள் உண்டு. புயலின் கண்ணுக்குள்ளேயே புகுந்து அளந்து வரும் விமானங்கள் உண்டு. எனினும், இன்ன ஊரில் இன்ன மணிக்குக் கரையேறும் என்று இரண்டு நாள் முன்னதாக ஐயமற உரைத்தல் இன்றும் கைகூடவில்லை. பெரிய நகரம் ஒன்று காலியாவதற்கோ ஒரு நாளுக்கு மேல் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குக. நிச்சயம் பிறக்கும் நேரத்தில் சாலை அடைபட்டிருக்கும். சாலை திறந்திருக்கும் நேரத்தில் நிச்சயம் பிறந்திராது. ஆகவே வெளியேறும் உத்தரவு சந்தேகத்தின் நடுவிலேதான் பிறந்தாக வேண்டும். அதற்குக் கீழ்ப்படிந்தவன் பல முறை வீணே போய்த் திரும்பவும் நேரும். அவன் ஏமாந்தவன் அல்லன். மழை பெய்யவில்லை என்பதற்காகக் குடை கொண்டு போனவனை நாம் மூடன் என்கிறோமா?

ஆனால் மனித மனம் இக்கணக்கை எளிதில் ஏற்பதில்லை. அது பழைய அனுபவத்தையே சாட்சிக்கு அழைக்கிறது. 1969இல் மிசிசிப்பி மாகாணக் கரையைக் ‘கமில்’ என்ற கடும்புயல் தாக்கிற்று. அதில் தப்பி நின்ற வீட்டுக்காரர் பலர், 2005இல் ‘கத்ரீனா’ வந்தபோது, கமிலுக்கே அசையாத வீடு இதற்கா அசையும் என்று இருந்துவிட்டனர். கரையேறும் வேளையில் கத்ரீனாவின் காற்று கமிலினும் தணிந்ததே. ஆனால் அதன் பரப்புப் பெரிது. அது தள்ளிக் கொணர்ந்த கடல் சிலவிடங்களில் 27 அடிக்கு மேல் எழுந்தது. பழைய வெள்ளம் நின்ற அளவைக் கண்டு துணிந்தவர் பலர் அதில் மாண்டனர். அனுபவம் நல்லாசிரியனே, எனினும் தான் கண்டதற்கு அப்பால் அவ்வாசிரியனுக்கு ஒன்றும் தெரியாது. படித்தவரும் இப்பிழைக்கு விலக்கல்லர். கால்வெஸ்டனின் வானிலை அதிகாரியாயிருந்த ஐசக் கிளைன் என்பார், புயலால் அந்நகருக்குப் பெருங்கேடு வரும் என்று அஞ்சுவது அறிவீனம் என 1891இல் பத்திரிகையில் எழுதினார். 1900ஆம் வருஷத்துப் புயலில் அவர் வீடே இடிந்து வீழ்ந்தது. அவர் மனைவியாரும் மாண்டார்.

இனி, இருந்துவிட்டவர் எல்லாரும் இறுமாப்பினால் இருந்தவர் என்று எண்ணுவது பெரும் அநீதியாகும். கத்ரீனா தாக்கிய நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கதையைக் கேளுங்கள். கட்டாயமாக வெளியேறவேண்டும் என்ற உத்தரவு 2005 ஆகஸ்டு 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறந்தது. புயல் மறுநாள் விடியலிற் கரையேறிற்று. ஒரு நாள் அவகாசங்கூட இல்லை. கார் வைத்திருந்தோர் பெரும்பாலும் போய்விட்டனர். ஆனால் அந்நகரில் நாலில் ஒரு குடும்பத்துக்கு மேல் கார் இல்லை. மாதமோ கடைசி, பென்ஷனும் உதவிப்பணமும் முதல் தேதிதான் கைக்கு வரும். வழிச்செலவுக்கும் விடுதி வாடகைக்கும் ஏழை எங்கே போவான்? அவர்களை ஏற்றிச் சென்றிருக்கக்கூடிய பள்ளிக்கூடப் பஸ்கள் நின்ற இடத்திலேயே வரிசை வரிசையாக நீரில் மூழ்கின. வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரில் ஐந்தில் நாலு பங்கு நீருக்குள் ஆயிற்று. அப்புயலால் மாண்டவர் 1,300 பேருக்கு மேல். லூயிசியானா மாகாணத்தில் இறந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இவர்களையா நாம் பிடிவாதக்காரர் என்பது?

வேறு சிலர் நாயையும் பூனையையும் விட்டுப் போக மனமின்றி இருந்தனர். வண்டிகளிலும் புகலிடங்களிலும் அவற்றுக்கு இடம் மறுக்கப்பட்டது. இதைக் கேட்டு நகைப்போர் உளர். நகைக்கத்தக்கதன்று என்று அந்நாட்டுக் காங்கிரஸ் சபையே கண்டது. வெளியேற்றும் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்று 2006இல் சட்டம் செய்தது. மனிதன் எதனோடு பிணைந்திருக்கிறானோ அதையும் சேர்த்தே அவனைப் பெயர்க்க முடியும். உத்தரவிடுவோர் இதை அறிதல் வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் உத்தரவு பிறந்தது, வண்டி வரவில்லை. வண்டியில்லாத உத்தரவு, பின்னாளில் பழி தம்மேல் விழாதபடி ஆபீஸ் பைலில் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பேயாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கத்ரீனாவுக்கு நாலு வாரத்துக்குள் ‘ரீட்டா’ என்னும் புயல் டெக்சாஸை நோக்கி வந்தது. நியூ ஆர்லியன்ஸின் கோரம் கண்முன் நின்றதால், ஹூஸ்டன் நகரமும் சுற்றுப்புறமும் ஒருமிக்கக் கிளம்பின. இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தனர். வண்டிகள் வெயிலில் மணிக்கணக்காக நின்றன, பெட்ரோல் தீர்ந்தது. ஏறத்தாழ நூறு பேர் வெளியேறும் முயற்சியிலேயே இறந்தனர். புயலோ திசை சற்று மாறி, செப்டம்பர் 24ஆம் தேதி டெக்சாஸ், லூயிசியானா எல்லையருகே கரையேறிற்று. காற்றாலும் நீராலும் நேரே இறந்தவர் மிகச் சிலர். அப்படியானால் இருந்திருக்கலாம் அல்லவா என்று அன்று கேட்டவர் பலர்.

அக்கேள்விக்கு விடை தேட, இரண்டு முதியோர் இல்லங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸை அடுத்த செயின்ட் பெர்னார்ட் பகுதியில் ஓர் இல்லத்தார் கத்ரீனாவின்போது முதியோரை வெளியேற்றவில்லை. வெள்ளம் புகுந்து 35 பேர் மாண்டனர். இல்லத்தார் மீது வழக்கு நடந்து, 2007இல் குற்றவாளிகள் அல்லர் என்று விடுதலையாயினர். ரீட்டாவின்போதோ, ஹூஸ்டன் பக்கத்து இல்லம் ஒன்று தன் முதியோரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. செப்டம்பர் 23ஆம் தேதி டல்லாஸ் நகருக்கருகே அந்தப் பஸ் தீப்பற்றி 23 பேர் எரிந்து மாண்டனர். இருந்தவரும் இறந்தனர்; போனவரும் இறந்தனர். விதி என்பார்க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் அந்நாட்டு விசாரணையாளர் விதியோடு நின்றுவிடவில்லை. பஸ்ஸின் சக்கரத் தாங்கிக்குப் போதிய மசகு இடாமையால் அது காய்ந்து சூடேறித் தீப்பிடித்தது என்று கண்டுபிடித்தனர். யாரோ ஒருவர் போடவேண்டிய மசகைப் போடவில்லை; அதற்கு விதி என்று பெயரிடுவானேன்? புறப்பட்டது குற்றமன்று. புறப்படுவோர்க்கு நம்பத்தக்க வண்டி கொடாமையே குற்றம்.

பாடம் கற்றுக்கொள்ள இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 2008இல் ‘குஸ்டாவ்’ என்னும் புயல் வந்தபோது, நியூ ஆர்லியன்ஸில் கார் இல்லாதவர்களைச் சர்க்காரே பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றி அனுப்பிற்று. அஞ்சிய அளவுக்கு அப்புயல் கொடுமை செய்யவில்லை. ஆயினும் அச்செலவை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

தனிமனிதனுக்குக் கடமையே இல்லையா எனில், உண்டு. அறிவு தெளிந்த ஒருவன் தன் உயிரைத் தானே பணயம் வைப்பதாயின், அவனைக் கையைப் பிடித்து இழுக்க எனக்கு உரிமை உண்டா என்பது ஐயத்துக்குரியது. ஆனால் அவன் மடியில் குழந்தை இருக்குமாயின் அந்தப் பணயம் அவனுடையதன்று. அவனை மீட்கப் படகில் வரப்போகிற இளைஞனின் உயிரும் அவனுடையதன்று. தன்னைத் தவிர வேறு ஓர் உயிரும் தன் முடிவிற் கட்டுண்டிருக்குமாயின், போகக்கூடிய வழியுள்ளவன் போகவே வேண்டும். வழி இல்லாதவனுக்கு வழி செய்து கொடுப்பது வழியுள்ளவனின் கடமை. என் வாதம் இவ்வளவே.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். தகுதியன்று, ஒரு கடன் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், வடகிழக்குப் பருவமழையில், ஆற்றோரத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் நீர் ஏறத் தொடங்கிற்று. மத்தியானமே என் மனைவியையும் பிள்ளையையும் காரில் ஏற்றி டவுனிலுள்ள மைத்துனர் வீட்டிற் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். மாலையில் லயத்துக்குப் போய், எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொன்னேன். பள்ளிக்கூடம் மூன்று மைல். தோட்டத்து லாரி நின்றது; ஓட்டுநர் லீவு. வெளியிலிருந்து ஒரு லாரியை வரவழைத்திருக்கலாம். மானேஜர் டெலிபோனிற் கிடைக்கவில்லை. வாடகைக்குப் பின்னால் யார் பதில் சொல்வது என்று தயங்கி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வீட்டில் ஒரு பாட்டியும் பேரப்பிள்ளையும், இரண்டு ஆடுகளும். அவர் என்னைப் பார்த்து, “ஐயா, போன வருஷமும் போகச் சொன்னீங்க. போயிட்டு வந்து பார்த்தா கோழி ரெண்டைக் காணோம், தண்ணியும் வரல. இந்தத் தடவை வருமா வராதா, அதைச் சொல்லுங்க, போறேன்” என்றார். என்னால் சொல்ல இயலவில்லை. அவர் கேட்ட நிச்சயம் எவரிடமும் இல்லை. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது நிச்சயமன்று. பேரனையும் ஆட்டையும் ஏற்றிக்கொள்ள ஒரு லாரி. அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அன்றிரவு லயத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, விடியலில் வடிந்துவிட்டது. பாட்டி பேரனைக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டு, ஆடுகளைத் திண்ணையிற் பிடித்தபடி இரவைக் கழித்தாராம். யாரும் இறக்கவில்லை. ஆதலால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நாலடி ஏறியிருந்தால் நான் கொலைக்கு உடந்தை. ஏறாததால் நல்ல கிராணி. அந்த நாலடி என் செயலால் ஏறாது நின்றதன்று. ஆகையால் அன்று நான் செய்தது, தண்ணீர் வடிந்த பின்னும் அதேதான்.

அன்பர்காள், மழையை நாம் நிறுத்த இயலாது. ஆற்றின் மனத்தை அறிய இயலாது. ஆனால் யார் வீட்டில் நடக்கமாட்டாதவர் உண்டு, யாரிடம் வண்டியில்லை, யாருக்கு விட்டுப்போக முடியாத பொருள் என்ன என்பதை மழைக்கு முன்பே அறிந்துவைக்க இயலும். செக்ரோல் எழுதத் தெரிந்த கைக்கு இந்தப் பட்டியல் எழுதத் தெரியாதா? ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இப்போது நான் அதை எழுதுகிறேன். லாரிக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பட்டியலில் முதற்பெயர் அந்தப் பாட்டியுடையது. பக்கத்தில், ‘பேரன் ஒன்று, ஆடு இரண்டு’ என்றும் எழுதியிருக்கிறேன்.