சக்கரத்தின் நன்மையும் பாதையின் இயல்பும்

ஒரு பொருளின் நன்மை அப்பொருளுக்குள்ளேயே முழுமையாக அமைந்திருக்கிறதா, அல்லது அது ஆற்ற வேண்டிய செயலோடும் இடத்தோடும் கொள்ளும் உறவில்தான் தோன்றுகிறதா என்னும் மெய்யியல் வினாவுக்கு, மலைச் சைக்கிளின் சக்கர அளவு பற்றிய விவாதம் தெளிவான சான்றாகிறது. 1970களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவுகளில் மலைச் சைக்கிள் விளையாட்டு உருவெடுத்தபோது பயன்பட்ட 26 அங்குலச் சக்கரம் ஆராய்ந்து தேர்ந்ததன்று. பழைய சைக்கிள்களில் கிடைத்தது. பின்னர் பரவிய 29 அங்குலச் சக்கரம், டயர் அமரும் விளிம்பில் 559 மி.மீ.க்கு மாறாக 622 மி.மீ. விட்டமுடையதாதலால், கல்லையும் வேரையும் குறைந்த கோணத்தில் சந்தித்து அவற்றின்மேல் எளிதாக ஏறி உருள்கிறது. ஆயினும் அதே பருமை சுழற்சி நிலைமத்தை, அதாவது சுழலும் பொருள் தன் வேகமாற்றத்தை எதிர்க்கும் இயல்பைக் கூட்டுவதால், நெருங்கிய வளைவுகள் நிறைந்த பாதையில் 584 மி.மீ. விட்டமுள்ள 27.5 அங்குலச் சக்கரமே விரைந்து இசைகிறது. நிறையும் குறையும் ஒரே காரணத்தில் பிறக்கின்றன; ஒன்றை விட்டு மற்றதைப் பெற இயலாது.

நல்லவை அனைத்துக்கும் பொதுவான ஒரே நன்மை உண்டென்ற பிளேட்டோவின் கொள்கையை அரிஸ்டாட்டில் மறுத்தது இங்கே வலுப்பெறுகிறது. எனினும் இதிலிருந்து, நன்மை அவரவர் விருப்பமே என்னும் சார்புவாதத்துக்குத் தாவுவது பெரும்பிழை. சக்கரத்துக்கும் பாதைக்குமான பொருத்தம் ஓட்டுநரின் விருப்பத்தைக் கேட்டு அமைவதில்லை, அது அளந்தறியத்தக்க மெய்ம்மை. இப்பொருத்தம் கருதியே, முன்னே 29, பின்னே 27.5 அங்குலச் சக்கரங்களைக் கலந்து பூட்டும் முறையைப் பன்னாட்டு சைக்கிள் ஒன்றியம் 2019இல் போட்டிகளில் அனுமதித்தபின், செங்குத்தான இறக்கப் பந்தயங்களில் பலர் அதையே தேர்ந்தனர்.