வழுக்கத் தெரிந்த சக்கரம்

அக்கா போனில் அழுதாள். அறுபத்தெட்டு வயதில், கணவர் போன துக்கத்தைக்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டியவள், அன்றைக்குக் குழந்தை மாதிரி விசும்பினாள்.

"தம்பி, நீதான் அவன்கிட்ட பேசணும். மாமா சொன்னா கேப்பான்."

'அவன்' என்பது அவளுடைய ஒரே மகன். அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. சிகரெட் கிடையாது, குடி கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான். சனி, ஞாயிறு வந்தால் சக்கரம் வைத்த ஒரு பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டு, மலைச்சாலையில் மேலிருந்து கீழே இறங்குவான். 'டவுன்ஹில் லாங்போர்டிங்' என்று பெயர். அவனுடைய சிநேகிதன் யாரோ எடுத்த வீடியோ, எங்கெங்கோ சுற்றி அக்காவின் செல்போனுக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த அழுகை.

"ஏண்டா, செஸ் விளையாடினா ஆகாதா?" என்றாள் அக்கா.

கொஞ்ச நாளில் வேறு வேலையாக நான் அமெரிக்கா போகவேண்டி வந்தது. பையன் வீட்டிலேயே தங்கினேன். பெட்டிக்குள் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். மனசுக்குள் அக்கா கொடுத்தனுப்பிய உபதேசம்.

உபதேசத்தைப் பிரிக்கவே அவன் விடவில்லை. ஹால் முழுக்கப் பலகைகளும் சக்கரங்களும். மஞ்சள், ஊதா, பச்சை என்று ஜவ்வுமிட்டாய் நிறத்தில் ஒரு கூடை நிறைய சக்கரம்.

"தொட்டுப் பாருங்க மாமா. இது 78, இது 86. நகத்தால அழுத்துங்க, வித்தியாசம் தெரியும்."

தெரிந்தது. ஒன்று சற்று மெத்தென்று இருந்தது. மற்றது கல். ரப்பர் இல்லையாம், யூரித்தேன். 1950-களில் கலிஃபோர்னியாவில் அலை இல்லாத நாட்களில் பொழுது போகாத சர்ஃபிங் பையன்கள், ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைக் கழற்றிப் பலகையில் அடித்து ரோட்டில் ஓட்ட ஆரம்பித்தார்களாம். அப்போது இரும்புச் சக்கரம். பிறகு களிமண் கலவையில் சுட்ட சக்கரம். வழியில் ஒரு சின்னக் கூழாங்கல் இருந்தால் போதும். பலகை நின்றுவிடும், மனிதன் மட்டும் போய்க்கொண்டிருப்பான். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர், வர்ஜீனியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஸ்கேட்டுக்காகச் செய்து வைத்திருந்த யூரித்தேன் சக்கரங்களைப் பார்த்து, அதை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்துதான் இந்தப் பைத்தியத்துக்கு வேகம் பிறந்தது.

"சரி, இதுல எதுடா நல்ல சக்கரம்?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணு கிடையாது மாமா."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். 70 மில்லிமீட்டர் சுமார் விட்டமுள்ள, ஓரம் கூராக, சதுரமாக வெட்டிய மென்மையான சக்கரம் ரோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வளைவில் எவ்வளவு சாய்ந்தாலும் விடாது. ஆனால், அதன் பிடிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டியதும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே அடியாக விட்டுவிடும். ஓரம் உருண்டையாக இருக்கும் சக்கரம் அப்படியில்லை. சீக்கிரமே லேசாக வழுக்கத் தொடங்கும். 'நான் விடப்போகிறேன்' என்று காலுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் விடும்.

"புதுசா வர்றவங்க கடையில போய், எது ரொம்பப் பிடிக்குமோ அதைக் குடுன்னு கேப்பாங்க. அதுதான் சேஃப்டின்னு நினைப்பு. அவங்க முதல்ல கத்துக்க வேண்டியது வழுக்கறதுக்கு. ஏன்னா இதுல பிரேக் கிடையாது."

பிரேக் கிடையாது! அக்காவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிறுத்துவதற்கு மூன்று வழி இருக்கிறது. நிமிர்ந்து கையை விரித்தால் காற்று கொஞ்சம் தடுக்கும். ஒரு காலை இறக்கி ரோட்டில் தேய்க்கலாம்; செருப்புக்கடைக்காரருக்கு லாபம். மூன்றாவதுதான் முக்கியம். கையுறையின் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் வில்லையை ரோட்டில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்பி, நான்கு சக்கரத்தையும் பக்கவாட்டில் தேயவிட்டு வேகத்தைக் குறைப்பது. பெர்க்லி நகரத்து கிளிஃப் கோல்மன் என்பவர் பெயரில் இதற்கு 'கோல்மன் ஸ்லைடு' என்று பேர். இதைக் கற்காமல் மலை ஏறவே கூடாதாம்.

பலகையிலும் இதே கதைதான். வளைந்து கொடுக்கும் பலகை ஊருக்குள் சுற்ற சுகமாக இருக்கும். மலைக்கு விறைப்பான பலகைதான் வேண்டும். தாழ்வாகத் தொங்கும் பலகையில் நிற்பது சுலபம்; அச்சுக்கு மேலே உயரமாக உட்காரும் பலகையில் திருப்பும் பிடிமானம் அதிகம். ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விடவேண்டும்.

இன்னொன்றும் சொன்னான். வேகம் ஏறியதும் சில நேரம் பலகை இடமும் வலமும் உதற ஆரம்பிக்கும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். எடை பின்னச்சுக்குப் போனால் உதறல் இன்னும் கூடும். அந்த நேரத்தில் எடையை முன்காலுக்குக் கொண்டுவந்து, முழங்காலைத் தளர்த்த வேண்டும். பயம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் சாய வேண்டும்.

* * *

இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். உபதேசப் பெட்டியை.

"உன் உசிரு உனக்கு மட்டும் சொந்தம்னு நினைக்காதே. அம்மாவுக்கு வேற யாருடா இருக்கா?"

அவன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அப்பா எந்த ரிஸ்க்கும் எடுத்ததில்ல மாமா. ஸ்கூட்டர்ல நாற்பதுக்கு மேல போகமாட்டார். நாற்காலியில உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டே போயிட்டார்."

எனக்குப் பதில் வரவில்லை.

இந்த வழக்கைப் பெரியவர்கள் முன்பே விசாரித்திருக்கிறார்கள். 1859-ல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு பாலத்தைக் காட்டுகிறார். இடிந்து விழக்கூடிய பாலம் என்று தெரியாமல் ஒருவன் ஏறப் போகிறான். எச்சரிக்க நேரமில்லை என்றால் அவனைப் பிடித்து இழுக்கலாம். ஏனென்றால் ஆற்றில் விழுவது அவன் ஆசையில்லை. ஆனால் விழுவது நிச்சயமில்லை, ஆபத்து மட்டும்தான் என்றால்? எச்சரிக்கலாம், தடுக்கக் கூடாது. அந்த ஆபத்துக்கு அது ஈடானதா என்பதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும். குழந்தைக்கும் புத்தி கலங்கியவனுக்கும் இது பொருந்தாது. மற்றவர்களுக்கு மோசம் வராதவரை அவனை விட்டுவிடு என்பதுதான் மில்லின் கட்சி.

ஆனால், பாலத்தின் முனையில் அவன் அம்மா நின்று அழுதுகொண்டிருந்தால்? அந்தக் கண்ணீர் 'மற்றவர்களுக்கு வரும் மோசம்' ஆகாதா?

ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பழைய காட்சி ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வயதில் அக்காவுக்கு பம்பாயில் வேலை கிடைத்தது. தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஊர். எங்கள் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அக்கா ரயில் ஏறினாள். அன்று அம்மாவின் பயத்துக்கு ஓட்டுரிமை கொடுத்திருந்தால், அக்காவின் வாழ்க்கை எங்கள் தெருமுனையோடு முடிந்திருக்கும். நேசிப்பவர்களின் பயம் கேட்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதையே தீர்ப்பாக எழுதிக்கொடுத்துவிட்டால், யாரும் எங்கும் போகமுடியாது.

* * *

சனிக்கிழமை அவனோடு மேரிஹில் போனேன். பக்கத்து மாநிலமான வாஷிங்டனில், கொலம்பியா ஆற்றுக்கு மேலே, புல் காய்ந்த மொட்டைக் குன்றுகளில் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் பழைய சாலை. சாம் ஹில் என்ற பணக்காரர், நல்ல ரோடு என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று ஊருக்குக் காட்டுவதற்காக 1909-லிருந்து 1913 வரை போட்டது. கார்களுக்கு அனுமதியில்லை. வருஷத்தில் சில நாட்கள் இவர்களுக்குக் கிடைக்கும்.

வளைவுகளில் வைக்கோல் கட்டுகள். ஆம்புலன்ஸ் தயார். முகம் மூடிய ஹெல்மெட், தோலாடை இல்லாமல் யாரையும் விடவில்லை. 2017-ல் கனடாவின் கியூபெக்கில் பீட்டர் கானலி என்பவர் நின்றபடியே மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியிருக்கிறார். "நான் எழுபதைத் தாண்டினதில்ல மாமா" என்றான் இவன், எனக்கு ஆறுதலாக.

குனிந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, புள்ளியாகக் கிளம்பினான். வளைவில் கை ஊன்றினான். துணி கிழிவது போல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது போய்விட்டிருந்தான். அதை வீரம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அங்கே பார்த்ததெல்லாம் பொறுமைதான். ஒவ்வொரு முறையும் மேலே ஏறி, சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்த்து, மாற்றி மாட்டினான்.

திரும்பி வரும்போது காரில் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மாவுக்கு வந்த வீடியோ இந்த ரோடு இல்லையே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். அது சாதாரண மலைச்சாலை. கார்கள் போய்வரும் ரோடு. வீடியோ முடிந்த பிறகு அடுத்த வளைவில் ஒரு கார் எதிரே வந்திருக்கிறது. இவன் அதன் பக்கத்தில் இருந்திருக்கிறான். பலகையைத் திருப்பிச் சரளைக்கல்லில் போய் விழுந்தான். சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் காரை ஓட்டி வந்த பாட்டியம்மா இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாராம். திட்டவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. சாவியைப் பிடிக்க முடியவில்லை. இவர்கள்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

மில்லின் பாலத்தில் ஏறியவன் ஒருவன்தான். அந்தச் சாலையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. இவன் செத்திருந்தால், ஒரு தப்பும் செய்யாத அந்த அம்மா மிச்ச நாளெல்லாம் 'ஒரு பையனைக் கொன்றவள்' என்று தன்னை நினைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பார். உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இருக்கலாம். அடுத்தவர் மனசாட்சியைப் பணயம் வைக்க உரிமை கிடையாது.

இதைத்தான் சொன்னேன். அக்கா கொடுத்தனுப்பிய எதையும் சொல்லவில்லை. "இறங்குறது உன் இஷ்டம். மூடின ரோட்டுல இறங்கு."

"மூடின ரோடு வருஷத்துக்கு சில நாள்தான் மாமா கிடைக்கும்."

அதாவது, நான் கேட்டது சின்ன விஷயமில்லை. கிட்டத்தட்ட விட்டுவிடு என்று சொல்வதுதான். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "விட்டுடறேன்னானா?"

"இல்லக்கா. ஆனா, நீ ஒண்ணு யோசி. ஏன் உனக்கு வீடியோ பார்த்துத்தான் தெரிஞ்சுது? கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, விடும்போது சொல்லாமதான் விடும்."

அக்காவுக்குச் சக்கரம் புரியவில்லை. விஷயம் புரிந்தது.

இப்போதெல்லாம் அவன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு செய்தி அனுப்புகிறான். 'மூடின ரோடுதாம்மா. இறங்கப் போறேன்.' பிறகு, 'இறங்கிட்டேன்.' அங்கே சனிக்கிழமை காலை என்றால், இங்கே ராத்திரி பதினொன்று. முதல் செய்திக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் அக்கா பூஜையறை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் செய்வது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?